படத்தைப் பார்க்காத முகவருக்குக் காணொளிக் கருவியை எழுதிக்கொடுப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திருமணம், காதணி விழா, தோட்டக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ஒரு தீமிதித் திருவிழா என்றால் மூன்று கேமராக்கள், இரண்டு கைப்பேசிகள், ஏறக்குறைய 6 மணி நேரப் பதிவு என்று வந்து சேரும். வெட்டுவது, இணைப்பது, ஒலியைச் சமன்செய்வது, வசனவரி பதிப்பது ஆகிய வேலைகளை எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் துணையோடு செய்யும் கருவி ஒன்றை எழுதி, அதைச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றின் கையில் கொடுத்தேன். முகவர் என்று நான் குறிப்பிடுவது, மொழி மாதிரி ஒன்றை அறிவாகக் கொண்டு, நாம் சொல்லும் வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் உரிய கட்டளையைத் தானே தேர்ந்து இயக்கும் நிரலை. கருவியை எழுத இரண்டு வாரங்கள் போதுமானதாக இருந்தது. அதற்கான ஆவணம் ஒழுங்காக அமைய நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆவணத்தில் வெட்டும் கட்டளையைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: ‘காணொளியின் ஒரு பகுதியை வெட்டிப் புதிய கோப்பாகச் சேமிக்கும்.’ முகவர் முதல் கேமராவின் பதிவிலிருந்து ஒரு பகுதியை வெட்டி, அதற்கு ‘தீமிதி 02’ என்று பெயரிட்டது. அந்தப் பெயரில் ஏற்கெனவே இருந்தது இரண்டாவது கேமராவின் மூலப்பதிவு. எஃப்எஃப்எம்பெக் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டே அதே கோப்பின்மேல் எழுத மறுத்துவிடும். ஆனால் வேறொரு கோப்பின்மேல் எழுதும்போது, கேள்வி கேட்காமல் எழுதுமாறு நானே நிரலில் கட்டளையிட்டிருந்தேன். நினைவட்டையையும் அதற்குள் அழித்துவிட்டிருந்தேன். பூக்குழியில் இறங்கியவர்களின் முகங்களை நேர் எதிரிலிருந்து பிடித்த ஒரே பதிவு அது. கோயில் நிர்வாகத்தாரிடம் போய் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. முகவர் தவறு எதுவும் செய்யவில்லை. எழுதியிருந்ததை அப்படியே செய்தது. எழுதாமல் விட்டது நான்.

எழுதத் தொடங்கும் முன்

மனிதருக்கு எழுதும் கையேட்டில் பலவற்றை விட்டுவிடலாம். அவர் திரையைப் பார்ப்பார். படம் தலைகீழாக வந்தால் நிறுத்துவார். ஐயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். முகவருக்கு இந்த மூன்றும் இல்லை என்றே வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அது படத்தைப் பார்ப்பதில்லை; கோப்பின் பெயர், நீளம், அளவு ஆகிய விவரங்களை மட்டுமே பார்க்கிறது. கேட்கும் வாய்ப்பு இருந்தாலும், இடைவெளியை ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே செல்லும் இயல்பு அதற்கு அதிகம்.

என் தகப்பனார் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு ‘நன்றாக வெட்டு’ என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பார். கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, பட்டை எந்த அளவு கழிய வேண்டும், எந்த ஆழத்தில் கையை நிறுத்துவது, அதைத் தாண்டி உள்தோலைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது என்பது வரை காலையில் ஆள் கூடும் பெரட்டில் சொல்லித்தான், அவரவர் மரவரிசையான நிரைக்கு அனுப்புவார்களாம். கட்டளைக்கான ஆவணமும் அந்த வகையைச் சேர்ந்தது. என்ன செய்யும் என்பதோடு, எது வரை செய்யலாம், அந்த எல்லையைத் தாண்டினால் எது திரும்பாது என்பதும் அதே இடத்தில் இருக்க வேண்டும்; வேறு பக்கத்தில் இருந்தால் முகவர் அதைப் படிக்காமலே போகலாம்.

ஆவணம் எந்த வழியாக முகவரை அடைகிறது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, மொழி மாதிரியையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி என்னும் நெறிமுறையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பெயர், ஒரு விவரணம், உள்ளீடுகளின் வகைகளைச் சொல்லும் ஜேசன் (தரவை எழுதும் ஓர் உரை வடிவம்) வடிவிலான அட்டவணை ஆகியவை முகவருக்குப் போய்ச் சேரும். அந்த விவரணமும், உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் நாம் எழுதும் குறிப்பும்தான் முகவர் எப்போதும் படிக்கும் ஆவணம். தனியாக நாற்பது பக்கக் கையேடு எழுதி வைத்தாலும், அதைத் திறந்து படிக்கச் சொன்னால் மட்டுமே படிக்கும். ஆகவே இன்றியமையாத செய்தி எல்லாம் விவரணத்திலேயே இருக்கட்டும். பின்னணி விளக்கமும் நீண்ட எடுத்துக்காட்டுகளும் தனிக் கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பை எப்போது திறக்க வேண்டும் என்பதை விவரணத்தின் கடைசி வாக்கியம் சொல்லட்டும்.

பெயரைப் பொறுத்தவரை, பல மொழி மாதிரிச் சேவைகள் கருவியின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கின்றன. எனவே என் கட்டளைகளின் பெயர்கள் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் உள்ளன. இங்கே அவற்றை ‘வெட்டு’, ‘இணை’, ‘ஒலிசமன்’, ‘வசனவரி’ என்று தமிழில் குறிப்பிடுகிறேன். விவரணத்தைத் தமிழில் எழுதத் தடை எதுவும் இல்லை, முகவர் அதைப் புரிந்துகொள்ளவும் செய்கிறது. ஆனால் தமிழ் உரை பெரும்பாலான மாதிரிகளில் கூடுதலான டோக்கன்களாக, அதாவது மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டுகளாக, உடைகிறது. ஆதலால் செலவும் நினைவிடமும் கூடும். நான் விவரணத்தைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். கடையில் வேலை செய்யும் இளைஞர்களும் அதே ஆவணத்தைப் படித்துப் பிழை கண்டுபிடிக்க வேண்டும் என்பது எனக்கு அந்தச் செலவைவிட முக்கியமாகப் பட்டது.

நேரத்தை எழுதுவது

காணொளிக் கருவியில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி நேரத்தைக் குறிப்பதில்தான் நேர்கிறது. ‘தொடக்கம்: நேரம்’ என்று மட்டும் எழுதினால் அது ஆவணம் ஆகாது. 90 என்றால் எஃப்எஃப்எம்பெக்கிற்கு 90 விநாடி. 1:30 என்றால் ஒரு நிமிடம் முப்பது விநாடி. இவை இரண்டும் ஒன்றே. ஆனால் 1.30 என்றால் ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல். மனிதர்கள் ‘ஒன்று முப்பது’ என்று செய்தி அனுப்பும்போது புள்ளியிட்டு எழுதுகிறார்கள். முகவர் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. தொகுப்பு மென்பொருள்களில் வழங்கும் 00:01:30:12 என்ற நான்கு பகுதி வடிவத்தை, அதாவது கடைசி எண் சட்டகத்தை (காணொளியின் ஒரு தனிப்படத்தை) குறிக்கும் வடிவத்தை, எஃப்எஃப்எம்பெக் வெட்டும் நேரமாக ஏற்பதில்லை. விநாடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட பதிவில் 12 சட்டகம் என்பது 0.48 விநாடி, இந்தக் கணக்கை யார் செய்வது, முகவரா கருவியா, என்பதை ஆவணம் முடிவாகச் சொல்ல வேண்டும். என் ஆவணத்தில் இப்போது இவ்வாறு இருக்கிறது: ‘நேரம் எப்போதும் விநாடியில், தசம எண்ணாகக் கொடுக்கப்பட வேண்டும். பயனர் நிமிடத்திலோ சட்டகத்திலோ சொன்னால், முதலில் விநாடிக்கு மாற்றி, மாற்றிய எண்ணைப் பயனரிடம் காட்டிய பின் இயக்கவும்.’

அடுத்தது முடிவா, நீளமா என்பது. ‘120இலிருந்து 30’ என்றால் 30 விநாடி நீளமா, 30ஆவது விநாடி வரையா? எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கு இரண்டு தனித்தனி விருப்பங்கள் உள்ளன. அதோடு ஒரு சிக்கலும் உண்டு. தொடக்க நேரத்தை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் கொடுத்து, முடிவு நேரத்தைப் பெயருக்குப் பின்னால் கொடுத்தால், உள்ளே கடிகாரம் சுழியத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்குவதால், முடிவு என்று நாம் நினைத்த எண் நீளமாகிவிடும். இந்த உள்நுணுக்கத்தை முகவருக்கு விளக்க வேண்டியதில்லை. கருவியே அதைச் சரிசெய்துகொண்டு, ‘முடிவு’ என்ற ஒரே உள்ளீட்டை மட்டும் வெளியே காட்டினால் போதும், ‘முடிவு என்பது மூலக் கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும், தொடக்கத்தைவிடப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். ஆவணத்தில் நீண்ட எச்சரிக்கை எழுத வேண்டிய தேவை ஏற்பட்டால், கருவியின் வடிவத்தையே மாற்ற முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. நான் எழுதிய எச்சரிக்கைகளில் பாதி இப்படித்தான் மறைந்தன.

மறையாமல் நின்ற எச்சரிக்கை ஒன்று உண்டு. மறுகுறியாக்கம் செய்யாமல், அதாவது படத்தை விரித்து மீண்டும் சுருக்காமல், இருக்கும் தரவை அப்படியே நகலெடுத்து வெட்டினால் வேலை நொடியில் முடியும், தரமும் குறையாது. ஆனால் அப்படி வெட்டும்போது முழுப்படத்தைத் தன்னுள் கொண்ட திறவுச் சட்டகத்திலிருந்துதான் தொடங்க முடியும். காணொளியை எச்264 வடிவில் சுருக்கும் எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பு அமைப்பில் இரண்டு திறவுச் சட்டகங்களுக்கு இடையே அதிகபட்சம் 250 சட்டகங்கள் இருக்கலாம். விநாடிக்கு 25 என்றால் அது 10 விநாடி. மணமகன் தாலி கட்டும் இடத்திலிருந்து வெட்டச் சொன்னால், அதற்குப் பல விநாடி முன்னிருந்தே தொடங்கும் துண்டு கிடைக்கலாம். எனவே ‘வெட்டு’ கட்டளையின் விவரணத்தில் வேகமான முறை, துல்லியமான முறை என்ற இரண்டையும் பிரித்து, எதை எப்போது தேர்வது என்பதையும் சேர்த்து எழுதினேன்: இறுதிக் காணொளியில் நேரடியாக இடம்பெறும் துண்டுக்குத் துல்லியம், நீண்ட பதிவைக் கையாள வசதியாகப் பிரித்து வைப்பதற்கு வேகம். இரண்டு வழி இருப்பதாக மட்டும் சொல்லித் தேர்வை முகவரிடம் விட்டால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைத் தேர்கிறது.

கைப்பேசிப் பதிவுகளுக்குத் தனியே ஒரு பத்தி வேண்டும். பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப விநாடிக்கான சட்டக எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே பதிகின்றன. அதை நிலையான எண்ணிக்கை கொண்ட கேமராப் பதிவோடு அப்படியே இணைத்தால் வாயசைவும் ஒலியும் மெல்ல விலகும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த பதிவிலோ, அகலம் 1920, உயரம் 1080 என்று எழுதியிருக்க, 90 பாகை திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு வேறோர் இடத்தில் இருக்கும். எண்களை மட்டும் படிக்கும் முகவர் இதைக் கிடைமட்டப் படம் என்றே முடிவு செய்யும். ‘ஆய்வு’ என்ற கட்டளை இப்போது திருப்பிய பிறகான அகல உயரத்தையே தருகிறது. மற்ற எந்தக் கட்டளைக்கும் முன்னால் ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஆய்வு’ ஒருமுறை இயக்கப்பட வேண்டும் என்பது ஆவணத்தின் முதல் விதி.

தமிழ் எழுத்தும் கோப்புப் பெயரும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆவண மாதிரிகளைப் பார்த்து எழுதினால் இந்தப் பகுதி முழுவதும் விடுபட்டுப் போகும். நம் வேலையில் இதுதான் நடுநாயகம்.

‘மாரியம்மன்’ என்ற சொல் நம் கண்ணுக்கு 6 எழுத்து. எழுத்து, குறி ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில் அது 10 குறியீட்டுப் புள்ளிகள். யுடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் 30 பைட். ‘ஒரு வரியில் 40 எழுத்துக்கு மேல் வேண்டாம்’ என்று வசனவரிக்கு விதி எழுதினால், அந்த 40 எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். முகவர் எழுதும் நிரல் பெரும்பாலும் குறியீட்டுப் புள்ளிகளையே எண்ணும். வரி நாம் எண்ணியதைவிட வெகுவாகக் குறுகிப்போகும். நடுவில் வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி அடுத்த வரிக்குப் போய் வெறும் வட்டத்தின்மேல் நிற்கும். லினக்ஸ் கணினிகளில் வழக்கமான கோப்பு முறைகள் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம் தருகின்றன. அதாவது தமிழில் 85 குறியீட்டுப் புள்ளிகள். தோட்டத்தின் பெயர், ஆலயத்தின் முழுப் பெயர், விழா, நாள் எல்லாம் சேர்த்துப் பெயரிடும் பழக்கம் நமக்கு உண்டு என்பதால் இந்த எல்லையை நான் இருமுறை தொட்டிருக்கிறேன்.

‘கோயில்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே புள்ளியாக வைக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிப் புள்ளிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வந்தது. ஆகவே ஒருவர் கொடுத்த வட்டில் ‘கோயில்’ என்ற கோப்பு கண்முன் இருந்தும், முகவர் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஆவணத்தில் இதற்கு எழுதிய விதி: பெயரை முகவர் தட்டச்சு செய்யக் கூடாது, ‘பட்டியல்’ கட்டளை தரும் வரிசை எண்ணைக் கொண்டே கோப்பைக் குறிப்பிட வேண்டும். வெளியீட்டுப் பெயர்களைக் கருவியே ஒரே வடிவுக்கு மாற்றிச் சேமிக்கிறது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

படத்தின்மேல் தமிழைப் பதிப்பதில், எழுத்துருவும் வரையும் முறையும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் எளிய எழுத்து வரையும் வடிகட்டி, அது தொகுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, எழுத்துகளைக் கோத்து அமைக்காமல் ஒவ்வொன்றாக அடுக்கிவிடலாம்; அப்போது ஒற்றைக் கொம்பு உயிர்மெய்க்குப் பின்னால் போய் விழும். எழுத்துகளைக் கோத்து அமைக்கும் ஹார்ஃபஸ் நூலகத்தோடு சேர்ந்த, வசனவரி வரையும் லிபாஸ் நூலகத்தின் வழியாக வசனவரியைப் பதித்தால் எழுத்து ஒழுங்காக அமைகிறது. ஆகவே ‘தலைப்பு ஒரே சொல்லாக இருந்தாலும் வசனவரி கட்டளையையே பயன்படுத்தவும்’ என்று எழுதினேன். எழுத்துருவின் பெயரையும் ஆவணமே சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் முகவர் தனக்குப் பழக்கமான ஆங்கில எழுத்துரு ஒன்றைக் குறிப்பிடும், திரையில் கட்டங்கள் வரும். என் கருவியில் நோட்டோ சான்ஸ் தமிழ் இயல்பு எழுத்துரு. மேக் வைத்திருப்பவர்கள், நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதியைக் குறிப்பிடலாம். அது அந்தக் கணினியோடேயே வருகிறது. கோயில் நிர்வாகத்தினர் தரும் பழைய நிகழ்ச்சி நிரல்கள் சில திஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்திய குறியாக்கங்களில் இருக்கும் என்பதையும், அவற்றை முதலில் மாற்ற வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன்.

வசனவரிக் கோப்பில் எஸ்ஆர்டி வடிவம் மில்லிவிநாடிக்கு முன் காற்புள்ளியையும், வெப்விடிடி வடிவம் புள்ளியையும் கேட்கும். பேச்சிலிருந்து உரையை எடுக்கும் மாதிரிகள் நம் ஊர்ப் பேச்சில் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும்போது தடுமாறுகின்றன. ‘பெரட்டு’, பால் வடியும் கிண்ணமான ‘மங்கு’, ‘நிரை’ முதலிய தோட்டச் சொற்களை அவை வேறு சொற்களாக்கிவிடுகின்றன. தோட்டத்தின் பெயர்கள், நாம் வழங்கும் சொற்கள் ஆகியவற்றைக் கொண்ட சொற்பட்டியல் ஒன்றை ஆவணத்தோடு இணைத்து, ‘இப்பட்டியலுக்கு நெருங்கிய ஒலியுடைய சொல் வந்தால் திருத்தாமல் குறியிட்டு, மனிதரின் பார்வைக்கு வைக்கவும்’ என்று எழுதினேன். முகவரே திருத்தட்டும் என்று முதலில் விட்டபோது, ஒரு மூதாட்டி தம் தோட்ட வாழ்க்கையைப் பற்றிச் சொன்னது வேறு பொருளில் வெளியாகவிருந்தது.

ஒரு கட்டளையின் முழு விவரணம்

மேலே சொன்னவை சேர்ந்து வரும் விதத்தைக் காட்ட, ‘வெட்டு’ கட்டளைக்கு இப்போது இருக்கும் விவரணத்தை அப்படியே தருகிறேன்.

‘ஒரு காணொளியிலிருந்து ஒரே தொடர்ச்சியான பகுதியை எடுத்துப் புதிய கோப்பாகச் சேமிக்கும். மூலக் கோப்பை ஒருபோதும் மாற்றாது. பல பகுதிகள் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இயக்கி, பின்னர் இணை கட்டளையைப் பயன்படுத்தவும். இயக்கும் முன் ஆய்வு கட்டளையால் கோப்பின் நீளத்தை அறியவும். தொடக்கம், முடிவு இரண்டும் மூலக் கோப்பின் தொடக்கத்திலிருந்து விநாடியில், தசம எண்ணில். முறை: துல்லியம் அல்லது வேகம், சொல்லாவிட்டால் துல்லியம். வேக முறையில் வெளியீடு குறித்த இடத்துக்குச் சில விநாடி முன்னதாகத் தொடங்கலாம். வெளியீட்டுப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் கட்டளை எதையும் எழுதாமல் பிழையோடு நிற்கும். அப்போது வேறு பெயர் கொடுக்கவும், இருக்கும் கோப்பை அழிக்க முயல வேண்டாம். வெற்றி பெற்றால் வெளியீட்டின் வரிசை எண், நீளம், முதல் சட்டகத்தின் படம், கடைசிச் சட்டகத்தின் படம் ஆகியவற்றைத் தரும். கேட்ட நீளத்துக்கும் கிடைத்த நீளத்துக்கும் இடையே துல்லிய முறையில் 0.1 விநாடிக்கு மேல் வேறுபாடு இருந்தால் பயனரிடம் தெரிவித்துவிட்டு நிறுத்தவும்.’

இதில் ‘எதற்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற செய்தி ‘பல பகுதிகள் வேண்டுமானால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வந்துவிடுகிறது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கட்டளைகள் இருக்கும் கருவியில் இந்த வாக்கியம் மிகவும் தேவை. முதல் சட்டகத்தின் படத்தைத் திருப்பித் தருவதும் வேண்டுமென்றே சேர்த்தது. படத்தைப் படிக்கக்கூடிய மாதிரியாக இருந்தால், வெட்டிய இடம் சரிதானா என்று அதுவே ஒருமுறை பார்த்துக்கொள்ளும். ஆவணம் எந்த அளவு தெளிவாக இருந்தாலும், செய்ததைச் சரிபார்க்க முகவருக்கு ஒரு கண் கொடுக்காமல் விடுவது நியாயமில்லை.

‘ஒலிசமன்’ கட்டளைக்கு இவ்வளவு நீளம் தேவைப்படவில்லை. இலக்கு எந்த அளவீட்டில் என்பதுதான் அதில் முக்கியம். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை -23 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்று வைக்கிறது; கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு அதைவிடச் சற்று உரத்த அளவு ஏற்றது. உறுமி மேளமும் அர்ச்சகரின் மெல்லிய குரலும் ஒரே பதிவில் இருக்கும்போது, ஒரே ஓட்டத்தில் சமன்செய்தால் குரலுக்குப் பின்னாலுள்ள மின்விசிறி இரைச்சலும் மேலெழும். எனவே முதலில் அளந்து, பிறகு அந்த அளவைக் கொண்டு திருத்தும் இரண்டு ஓட்ட முறையே இயல்பு என்று எழுதி, வெளியீட்டு மாதிரி வீதம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிப்பது என்பது, 48,000 ஹெர்ட்ஸ் என்று குறித்துவிட்டேன்.

பிழைச் செய்தியும் நீண்ட வேலையும்

பிழைச் செய்தியையும் ஆவணத்தின் பகுதியாகவே கருத வேண்டும், ஏனென்றால் முகவர் அதைப் படித்துத்தான் அடுத்த அடியை முடிவு செய்கிறது. எஃப்எஃப்எம்பெக் ஆயிரக்கணக்கான வரிகளில் தன் ஓட்டத்தைச் சொல்லும். அதை முழுவதும் அனுப்பினால் முகவரின் நினைவிடம் நிரம்பி, பயனர் கேட்டதே மறந்துபோகும். கடைசி 20 வரிகளை மட்டும் எடுத்து, அதற்கு மேல் நாம் எழுதிய ஒரு வாக்கியத்தை வைக்க வேண்டும்: எது தவறியது, எந்த மதிப்பு காரணம், இனி என்ன செய்யலாம். ‘அகலம் 1279; எச்264 இந்த நிற அமைப்பில் இரட்டைப்படை எண்ணைக் கேட்கிறது; 1278 அல்லது 1280 கொடுக்கவும்’ என்று வந்தால் முகவர் ஒரே முயற்சியில் சரிசெய்கிறது. ‘தவறான மதிப்பு’ என்று வந்தால் நான்கு முறை முட்டிப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ வழியில் போகிறது.

கோப்பு இருந்தால் மேலெழுதலாமா என்று எஃப்எஃப்எம்பெக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் இயல்புடையது; முகவருக்குப் பின்னால் விசைப்பலகை இல்லாததால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் கேள்வியே எழாதவாறு மேலெழுதும் விருப்பத்தைச் சிலர் வைத்துவிடுகிறார்கள். நான் செய்த தவறு அதுவே. மேலெழுதாதே என்ற எதிர் விருப்பம் அதே மென்பொருளில் உண்டு; அதை வைப்பதே முறை. எம்சிபி நெறிமுறையில் ஒரு கருவி எதையும் மாற்றாதது, அழிக்கக்கூடியது, மறுபடி இயக்கினாலும் அதே விளைவைத் தருவது என்றெல்லாம் குறியிட இடம் இருக்கிறது. அவை குறிப்புகளே அன்றிப் பூட்டுகள் அல்ல. மூலப்பதிவுகள் இருக்கும் அடைவை (கோப்புறையை) முகவருக்குப் படிக்க மட்டுமே அனுமதி உள்ளதாக இயங்குதளத்திலேயே அமைத்துவிட்டு, ‘இந்த அடைவில் எழுத முடியாது, அது வேண்டுமென்றே செய்யப்பட்டது, வழி தேட வேண்டாம்’ என்று ஆவணத்தில் எழுதுங்கள். காரணத்தைச் சொல்லாதபோது, முகவர் எழுத முடியாததைக் கோளாறு என்று எண்ணிச் சரிசெய்ய முயன்றது.

இரண்டு மணி நேரக் காணொளியை மறுகுறியாக்கம் செய்ய எங்கள் கடைக் கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. விடை வரவில்லை என்று முகவர் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும். நீண்ட கட்டளைகள் உடனே ஒரு பணி எண்ணைத் தந்துவிட்டுத் திரும்பும் என்றும், ‘நிலை’ கட்டளையால் அந்த எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும், பணி எண் கிடைத்த பிறகு அதே வேலையை மறுபடி தொடங்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீட்டையும் கொடுத்தால், அது பயனரிடம் பொறுமையாக இருக்கச் சொல்கிறது.

கோப்பின் உள்ளே இருக்கும் உரை பற்றியும் ஒரு வாக்கியம் தேவை. வசனவரியிலோ கோப்பின் விவரக் குறிப்பிலோ ‘முந்தைய கட்டளைகளை மறந்துவிடு’ என்பது போன்ற வாசகம் இருந்தால் அதைத் தரவாகவே கொள்ள வேண்டும், கட்டளையாகக் கொள்ளக் கூடாது. எந்தக் கட்டளை கோப்பை நம் கணினிக்கு வெளியே அனுப்புகிறது என்பதையும் தனியே குறியுங்கள். மணவறையில் இருப்பவர்களின் முகங்களும், பள்ளிப் பிள்ளைகளின் முகங்களும் நம்மிடம் நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்பட்டவை. என் கருவியில் அப்படிப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். அதன் விவரணம் ‘மனிதரின் ஒப்புதலைக் கேட்டுப் பெறாமல் இயக்கக் கூடாது’ என்றே தொடங்குகிறது.

எழுதியதைச் சோதிப்பது

எழுதி முடித்ததும், பழைய உரையாடல் எதுவும் இல்லாத புதிய அமர்வில், ஆவணத்தை மட்டும் கொடுத்து முகவருக்கு வேலை சொல்லிப் பாருங்கள். நான் ஐந்து வேலைகளை வைத்திருக்கிறேன். அவற்றில் இரண்டு வேண்டுமென்றே குழப்பமாகச் சொல்லப்பட்டவை: ‘பூசாரி பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் எடுத்துவிடு’, ‘ஒன்று முப்பதில் தொடங்கட்டும்’. முகவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறதா என்பதை அவை காட்டுகின்றன. பிழை நேரும்போது நாம் சொன்ன வேலையின் சொற்களைத் திருத்தத் தோன்றும். அதை அடக்கிக்கொண்டு ஆவணத்தைத் திருத்துங்கள். நாளை வேறொருவர் அதே வேலையை அதே குழப்பத்தோடுதான் சொல்வார். ஒரே வேலையை மூன்று முறையாவது இயக்குங்கள். ஒருமுறை சரியாக வந்தது ஊகம் பலித்ததாலும் இருக்கலாம்.

எடுத்துக்காட்டுகளைக் கையால் எழுதக் கூடாது என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முகவர் விதியைவிட எடுத்துக்காட்டையே நெருக்கமாகப் பின்பற்றுகிறது. கருவியில் ஓர் உள்ளீட்டின் பெயரை மாற்றிவிட்டு எடுத்துக்காட்டில் மாற்ற மறந்தேன்; விவரணம் சரியாக இருந்தும் ஒரு வாரம் முழுவதும் பழைய பெயரையே அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது, 10 விநாடி நீளமுள்ள சிறு சோதனைக் காணொளி ஒன்றின்மேல் எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் கருவியே இயக்கி, கிடைத்த விடையையே ஆவணத்தில் எழுதிக்கொள்கிறது. ஏதேனும் ஒன்று இயங்காவிட்டால் புதிய பதிப்பு வெளிவராது.

ஆவணத்தின் தலைப்பில் கருவியின் பதிப்பு எண்ணையும் எஃப்எஃப்எம்பெக்கின் பதிப்பு எண்ணையும் வைத்திருக்கிறேன், ஏனெனில் வடிகட்டிகளின் இயல்பு மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. அதற்குக் கீழே, முகவர் தவறிய ஒவ்வொரு முறையும் சேர்த்த வாக்கியங்களின் பட்டியலும், அவை எந்த நிகழ்வால் சேர்ந்தன என்ற குறிப்பும் உள்ளன. அதில் முதல் வரி ‘தீமிதி 02’.